சுவரில் செருகிய பேருந்து

ஒஸ்மார் தன் கையாலேயே கூட்டிச் சேர்த்த கம்ப்யூட்டர் அந்த மாதத்தில் நூற்றுப் பதினெட்டாவது தடவையாக உறைந்தபோது, திரையில் அவருடைய பேருந்து உபெர்லாந்தியா நகரைத் தாண்டி ஒரு கரும்பு லாரியை முந்திக்கொண்டிருந்தது. லாரி அப்படியே நின்றது. பேருந்தும் நின்றது. வானத்தில் பறந்துகொண்டிருந்த பருந்துகூட ஆணி அடித்து மாட்டியது போல நின்றது. எஞ்சின் சத்தம் மட்டும் 'ர்ர்ர்ர்' என்று, பல்வலிக்காரன் முனகுவது போல ஓயாமல் வந்தது. பிறகு திரை கறுத்தது. ஒரு சின்னக் கட்டம் தோன்றி, கிராபிக்ஸ் டிரைவர் பதில் அளிப்பதை நிறுத்திவிட்டது என்று மிகுந்த பணிவோடு தெரிவித்தது.

"முப்பத்து நாலு வருஷம் நானும் டிரைவராத்தான் இருந்தேன்" என்றார் ஒஸ்மார் அந்தக் கட்டத்திடம். "ஒரு நாளாவது பதில் சொல்லாம இருந்திருக்கேனா?"

கட்டம் பதில் சொல்லவில்லை. காதில் மாட்டியிருந்த ஹெட்போனில், பின்னால் வண்டி ஓட்டி வந்த ஜுவெனால்தான் சொன்னான்.

"என்னண்ணே, வண்டிய நடு ரோட்டுல நிறுத்திட்டு ஒண்ணுக்குப் போயிட்டீங்களா?"

இதோடு இரண்டு ஞாயிறுகள் போயின.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்றால், பெரோபா பேருந்துக் கம்பெனி இழுத்து மூடி ஆறு வருடம் ஆகியும், அதன் ஓட்டுநர்கள் ஏழு பேர் அதை மூட ஒப்புக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு ஊரில் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்த அந்தக் கிழவர்கள், பேருந்து ஓட்டும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் கம்பெனியை மறுபடி தொடங்கினார்கள். ஒவ்வொரு ஞாயிறும் மதியம் சரியாக இரண்டு மணிக்கு உபெராபாவிலிருந்து தலைநகர் பிரசீலியாவுக்கு ஏழு பேருந்துகள் வரிசையாகக் கிளம்பும். ஓட்டுபவர்கள் சட்டையை இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டை கட்டி, காலில் பூட்ஸோடு உட்கார்வார்கள். பழைய டிப்போ மேலாளர் வலேரியோ, கையில் கடிகாரத்தோடு தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து புறப்பாட்டு விசில் ஊதுவார். அந்த விசிலுக்கு அவர் வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளியும்.

வரிசையின் முதல் வண்டி 4417. ஒஸ்மாருடையது. உண்மையான 4417-ஐயும் அவர்தான் பத்தொன்பது வருடம் ஓட்டினார். தொடர்ந்து மூன்று பயணங்களை முடிக்காதவனிடமிருந்து வண்டி எண்ணைப் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடுப்பது என்று விதி. பேருந்து நடைமேடையில் நிற்பது பயணத்தின் முடிவு அல்ல, கதவு திறப்பதே முடிவு என்று இன்னொரு விதி. இரண்டையும் முன்மொழிந்தவர் ஒஸ்மார்தான். அப்போது இணையம் அடிக்கடி அறுந்துகொண்டிருந்த ஜுவெனாலை விரட்டலாம் என்று ஒரு நப்பாசை. இப்போது ஜுவெனாலின் இணையம் சொர்க்கத்திலிருந்து நேராகக் கம்பி இழுத்தது போல ஓடுகிறது. 4417-க்கு அடுத்த உரிமைக்காரனும் அவன்தான்.

ஒஸ்மார் செய்யாத வைத்தியம் இல்லை. டிரைவர் மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டார். புதியதை அழித்துப் பழையதைப் போட்டார். இரண்டு ராம் நினைவகப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி மற்றதோடு ஓட்டினார், பிறகு மாற்றி ஓட்டினார். கிராபிக்ஸ் கார்டைப் பிடுங்கித் துடைத்துச் செருகினார். அந்த வாரத்தில் அதைப் பிடுங்கிய எண்ணிக்கைக்கு அது பல்லாக இருந்திருந்தால் தாடையே இருந்திருக்காது. சூடு அளந்தார். கார்டு அறுபத்தெட்டு டிகிரி, அவர் தலை அதைவிட அதிகம். இணையத்தில் கேட்டபோது முந்நூறு பேர் முந்நூறு விதமாகச் சொன்னார்கள். அதில் ஒருவன் ஜாதகம் கேட்டான்.

கடைசியில் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு, நகரப் பேருந்திலேயே கிளெபரின் பழுதுக்கடைக்குப் போனார். அங்கே மூன்று நாள், இரவும் பகலும், கனமான விளையாட்டுகளாகப் பார்த்து ஓட்டினார்கள். அது ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை.

"இதுக்கு ஒண்ணுமே இல்லைங்க" என்றான் கிளெபர். "குதிரை மாதிரி ஓடுது. வீட்டுல மின்சாரம் எப்படி?"

"என் வீட்டு மின்சாரம் பசும்பால் மாதிரி தம்பி."

கிளெபர் தலையாட்டிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போனான். ஒஸ்மார் பொய் சொல்லவில்லை. வீட்டில் ஸ்டெபிலைசர் இருந்தது. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. டாக்டரிடம் போகிறவர் 'நான் கால்சட்டை போட்டிருக்கிறேன்' என்றா சொல்வார்?

அந்த ஸ்டெபிலைசர் வீட்டின் முதல் கம்ப்யூட்டரோடு வந்தது. செங்கல் அளவு, செங்கலைவிடக் கனம், ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்து இப்போது பழைய வெண்ணெய் நிறம். கம்ப்யூட்டர்கள் ஐந்து வந்து ஐந்தும் போயின. செங்கல் மட்டும் மேசையிலேயே இருந்தது. மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் 'டக்' என்று ஒரு சத்தம் போடும். அந்த 'டக்' கேட்டால்தான் ஒஸ்மாருக்கு நிம்மதி. வெறும் சுவரில் கம்ப்யூட்டரைச் செருகுபவன் ஹெல்மெட் இல்லாமல் எருமை மேல் சவாரி போகிறவன் என்று தெரு முழுக்கச் சொல்லி, பதினோரு வீட்டில் ஸ்டெபிலைசர் வாங்க வைத்திருந்தார்.

நோயின் முதல் தடயத்தைக் கண்டுபிடித்தவள் அவர் மனைவி லூர்தெஸ். கம்ப்யூட்டர் சாகும் நேரங்களை ஒஸ்மார் பழைய பயணக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். சனிக்கிழமை காலை அவள் அதைப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏழு பத்து. பதினொண்ணே கால். மூணரை. ஆறு." கண்ணாடியைக் கழற்றினாள். "இது உன் கம்ப்யூட்டர் சாகுற நேரமில்ல. என் தங்கச்சி குளிக்கிற நேரம்."

லூர்தெஸின் தங்கை தால்வா, பள்ளிக்கூடச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்று அவர்களோடுதான் இருந்தாள். நாளைக்கு நான்கு குளியல். அந்த ஊர் வீடுகள் எல்லாவற்றையும் போல அந்த வீட்டிலும் ஷவரின் தலைக்குள்ளேயே மின்சாரம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும். தால்வா அதன் விசையைக் 'குளிர்காலம்' என்ற இடத்திலிருந்து கொளுத்தும் ஜனவரிக் கோடையிலும் நகர்த்தியதில்லை. அவள் குழாயைத் திறந்தால் சமையலறை விளக்கு மங்கும், ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விடும், இரண்டு தெரு தள்ளி இருக்கும் பேக்கரியில் ரொட்டி உப்பாது என்பது ஒஸ்மாரின் கணக்கு.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு மணியில இருந்து அஞ்சரை மணி வரைக்கும் இந்த வீட்டுல யாரும் குளிக்கக் கூடாது" என்று அறிவித்தார்.

தால்வா தட்டைக் கீழே வைத்தாள். "அத்தான், வெளியில முப்பத்தெட்டு டிகிரி."

"தெரியும்."

"பல்லி சுவத்துல இருந்து வழுக்கி விழுது."

"அதுவும் தெரியும். என் நம்பர் போயிடும் தால்வா. அந்த ஜுவெனால் 4417-ல உக்காந்துக்கிட்டு என் முன்னாடி போவான். நான் அவன் பின்விளக்கப் பார்த்துக்கிட்டே பிரசீலியா வரைக்கும் போகணும். அதுக்கு என்னைய இப்பவே புதைச்சிரு."

"புதைக்கிறதுக்கு முன்னாடி குளிப்பாட்டணுமே அத்தான். அதுக்கும் ஷவர் வேணும்" என்றாள் தால்வா. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

ஞாயிறு வந்தது. வலேரியோ விசில் ஊதினார், நாய் ஒளிந்தது, ஏழு பேருந்துகள் கிளம்பின. ஒஸ்மார் கழுத்துப் பட்டை இறுக, முதுகில் வியர்வை ஆறாக ஓட உட்கார்ந்திருந்தார். அறையின் ஒரே மின்விசிறி கதவோரம் நின்று அலமாரிக்குக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அதன் வயர் முழங்கை நீளம்தான், செருகும் இடமோ அலமாரிக்குப் பின்னால். பக்கத்து அறையில் லூர்தெஸும் தால்வாவும் ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு, ஊறுகாய் ஜாடிகள் போல அசையாமல் இருந்தார்கள்.

உபெர்லாந்தியா தாண்டியது. அராகுவாரி தாண்டியது. "அண்ணே, வண்டி இன்னும் ஓடுதே, உங்க வீட்டுல யாராவது பின்னாடி இருந்து தள்ளுறாங்களா?" என்றான் ஜுவெனால். ஒஸ்மார், மூச்சு விட்டால்கூடக் கம்ப்யூட்டர் பயந்துவிடும் என்று அரை மூச்சாக விட்டுக்கொண்டிருந்தார்.

பரனாயீபா ஆற்றுக்கு இறங்கும் மலைச்சரிவில் விளையாட்டில் மழை பிடித்தது. கண்ணாடியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாக உருண்டது. கார்டின் விசிறிகள் விமானம் போல உறுமின. ஸ்டெபிலைசர் 'டக்' என்றது. 'டக் டக்' என்றது. பாலத்துக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது மழைத்துளிகள் கண்ணாடியிலேயே நின்றுவிட்டன.

"தால்வா!" ஒஸ்மார் போட்ட சத்தத்தில் அலமாரி மேல் இருந்த அந்தோனியார் சிலை ஆடியது.

"நான் காஞ்ச மாவு மாதிரி இங்கதான் உக்காந்திருக்கேன்!" பக்கத்து அறையிலிருந்து தால்வாவும் அதே சத்தத்தில் கத்தினாள். "வந்து தொட்டுப் பாருங்க!"

அவர் வந்து பார்த்தார். இரண்டு பேரும் காய்ந்துதான் இருந்தார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. இதற்கு முன் ஒஸ்மாருக்கு அப்படி ஒரு நிலைமை வந்ததே இல்லை. சாலையில் எப்போதும் திட்டுவதற்கு ஒரு லாரிக்காரன் இருந்தான்.

ஒரே ஒரு வழி மிச்சம் இருந்தது. அடுத்த ஊரான கத்தலாவில் வரிசை இருபது நிமிடம் காப்பிக்கு நிற்கும். வழியில் தங்கியவன் அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம். ஒஸ்மார் பின்கட்டுக் குழாயில் தலையைக் காட்டப் போனார். தண்ணீருக்கு அடியில் தலையை வைத்துக்கொண்டு, வளர்ந்த ஆண் செய்யக் கூடாத அளவு நேரம் அப்படியே நின்றார்.

திரும்பி வந்தபோது மின்விசிறி மேசைக்குப் பக்கத்தில் நின்று அவர் நாற்காலிக்கே காற்றை வீசியது. மேசையில் ஒரு கோப்பை காப்பியும், மரவள்ளி மாவில் பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருண்டைகள் நாலும் இருந்தன. தால்வா கதவில் சாய்ந்திருந்தாள்.

"மூஞ்சி வெந்துபோச்சு உங்களுக்கு. காத்து வாங்கிக்கிட்டாவது சாவுங்க" என்றாள்.

கம்ப்யூட்டர் முழுசாக அணைந்திருந்தது. தானாகவே போய்ச் சேர்ந்துவிட்டது போல என்று நினைத்தார். பொத்தானை அமுக்கினார். கத்தலாவில் மற்ற ஆறு பேரும் பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தபோது 4417 மூச்சிரைக்க வந்து வரிசையின் வாலில் ஒட்டிக்கொண்டது.

"நல்வரவு" என்றான் ஜுவெனால். "உங்க பயணிகளுக்கு நான் காப்பி வாங்கிக் குடுத்தேன். ரெண்டு பேர் என் வண்டிக்கு மாறிக்கிறேன்னு சொல்றாங்க."

அதன்பிறகு நடந்ததை ஒஸ்மாரால் நம்ப முடியவில்லை. வண்டி ஓடியது. மழையில் ஓடியது, மூடுபனியில் ஓடியது, எதிரே நாற்பது லாரிகள் ஒன்றாக வந்தபோதும் ஓடியது. கிறிஸ்தலீனா ஊர் வருவதற்குள் ஐந்து வண்டிகளை முந்திவிட்டார். இப்போது ஜுவெனாலின் பின்விளக்கு மட்டும்தான் முன்னால். நல்லது நடக்கும்போது அதைக் கண்ணெடுத்துப் பார்க்கக்கூடப் பயந்து, கழுத்தைத் திருப்பாமல் ஓட்டினார்.

ஜன்னலுக்கு வெளியே நிஜமான வானம் மை கொட்டினது போலக் கறுத்து வந்தது. காற்று நின்றது. புழுக்கம் ரொட்டி அடுப்பு போல ஆயிற்று. ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"தால்வா! வேண்டாம்!"

"அஞ்சு நிமிஷம் அத்தான்! என் உடம்புல உப்பு விளையுது!"

தண்ணீர் விழுந்தது. தலைக்கு மேலே பல்பு மங்கியது. ஸ்டெபிலைசர் 'டக் டக் டக்' என்று தந்தி அடித்தது. ஒஸ்மார் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த மரணத்துக்காகக் காத்திருந்தார்.

எஞ்சின் சத்தம் நிற்கவில்லை.

கண்ணைத் திறந்தார். சாலை ஓடிக்கொண்டிருந்தது. மாறாக, மின்விசிறிதான் விக்கியது. 'டக்' என்றபோது தயங்கியது, அடுத்த 'டக்'குக்கு ஓடியது. இது எதற்கு விக்குகிறது? ஒரு கண்ணைச் சாலையில் வைத்துக்கொண்டு மறு கண்ணால் அதன் வயரைப் பின்தொடர்ந்தார். அந்த முழங்கை நீள வயர் நேராக மேசைக்கு ஏறி ஸ்டெபிலைசரின் முதுகில் போய் முடிந்தது.

அப்படியானால் கம்ப்யூட்டரின் நீளமான புது வயர்?

அது மேசையிலிருந்து இறங்கி, தரையில் ஊர்ந்து, அலமாரிக்குப் பின்னால் போய், சுவரில், வெறும் சுவரில் செருகியிருந்தது.

தால்வா ஒஸ்மாருக்குக் காற்று வருவதற்காக இரண்டையும் மாற்றிச் செருகியிருக்கிறாள். கத்தலாவிலிருந்து இவ்வளவு தூரம் ஒரு கவசமும் இல்லாமல் வந்திருக்கிறார். ஒரு தடவைகூட உறையவில்லை. கிளெபரின் கடையிலும் மூன்று நாள் அது உறையவில்லை. அவன் மேசையில் ஸ்டெபிலைசர் இருந்ததாக ஞாபகம் இல்லை. இருபத்தாறு வருடமாகக் காவல் காத்த செங்கல்தான், ஒவ்வொரு 'டக்'குக்கும் மின்சாரத்தை அறுத்து, இத்தனை நாளும் கழுத்தை நெரித்திருக்கிறது. அதை வாங்க வைத்தது பதினோரு வீடு என்று நினைத்தபோது அவருக்கு வேர்வை நின்றே போயிற்று.

அந்த நேரம் பார்த்து முதல் இடி விழுந்தது.

நிறுத்தினால் எண் போகும். ஓட்டினால் கம்ப்யூட்டரே போகும். இன்னும் இருபது கிலோமீட்டர். அவர் கை ஸ்டியரிங்கில், கண் வயரில், வாய் ஜெபத்தில் இருந்தது.

அடுத்த இடிக்கு லூர்தெஸ் கையில் படுக்கை விரிப்போடு உள்ளே ஓடி வந்தாள். இடி என்றால் அவளுக்குச் செய்ய வேண்டிய வேலைகள் உண்டு: முகம் பார்க்கும் கண்ணாடிகளை மூடுவது, கத்தரிக்கோலை ஒளிப்பது, வீட்டில் செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்குவது. "புனித பார்பரா தாயே!" என்று அலமாரிக்குப் பின்னால் கையை விட்டாள்.

"தொடாதே! லூர்தெஸ், உன் கால்ல விழறேன், தொடாதே!"

"எரிஞ்சு போகட்டுங்கிறியா? நீதானே சொல்லிக் குடுத்தே!" என்று, தனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் வயரை, அதாவது ஸ்டெபிலைசரின் பழைய வயரை, ஒரே இழுப்பில் பிடுங்கினாள்.

மின்விசிறி நின்றது. கம்ப்யூட்டர் ஓடியது.

லூர்தெஸ் கையிலிருந்த வயரைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒஸ்மார். இது மின்சாரம் இல்லாமலே ஓடுது."

"ஆமா. நீ போ. போய்க் கண்ணாடியை மூடு."

அவள் திரையைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்து வெளியே போனாள்.

பிரசீலியா வந்தது. வெறும் சுவரும் இடியும் தந்த நடுக்கத்திலேயே ஒஸ்மார் ஜுவெனாலையும் முந்தி, ஒன்பதாம் நடைமேடையில் வண்டியைக் கோடு தாண்டாமல் நிறுத்தினார். கை பிரேக் போட்டார். கதவுப் பொத்தானுக்கு விரலை நீட்டினார். விரலுக்கும் பொத்தானுக்கும் நடுவே ஒரு அரிசி நுழையும் இடைவெளி இருந்தபோது, தெருமுனை மின்மாற்றி பீரங்கி போல வெடித்தது. தெரு முழுக்க மின்சாரம் போயிற்று.

இருட்டில் முதலில் கேட்டது தால்வாவின் குரல். "யாரு தண்ணிய ஐஸாக்கினது? கண்ணு முழுக்க சோப்பு!"

ஒஸ்மார் அசையவில்லை. நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது. இந்தத் தடவை செங்கலும் சரி, சுவரும் சரி, எதுவும் காப்பாற்றியிருக்காது என்பதுகூட அவருக்கு ஆறுதலாகப் படவில்லை.

கைபேசி அடித்தது. வலேரியோ. மற்றவர்களும் அதில் இருந்தார்கள்.

"ஒஸ்மார், உன் வண்டி எங்க திரையில நடைமேடையில நிக்குது. கதவு சாத்தியிருக்கு. இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்கும், அப்புறம் மறைஞ்சிடும். என்ன பண்றே?"

"கரண்ட் போச்சு."

"விதி உனக்குத் தெரியும்." வலேரியோ தொண்டையைக் கனைத்தார். "கதவு திறக்கணும். நீ எழுதினது."

"தெரியும்" என்றார் ஒஸ்மார்.

ஜுவெனாலின் குரல் குறுக்கிட்டது. "ஒரு நிமிஷம். நடு வழியில வண்டி படுத்துட்டா, பின்னாடி வர்ற வண்டிதானே பயணிகள ஏத்திக்கும்? பெரோபாவுல நாம எத்தனை தடவை செஞ்சிருக்கோம். அதுவும் விதிதானே?"

"அது விதிதான்" என்றார் வலேரியோ தயக்கத்தோடு.

"அப்ப நான் 4417 பக்கத்துல ஒட்டி நிறுத்துறேன். அவங்க ஆளுங்க என் வண்டிக்கு மாறுறாங்க. என் கதவத் திறக்கிறேன். எல்லாரும் இறங்கியாச்சு. பயணம் முடிஞ்சது. எழுதிக்கோங்க."

கடிகாரத்தோடு வலேரியோ கொஞ்ச நேரம் முணுமுணுத்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

ஒஸ்மார் கைபேசியை மறு காதுக்கு மாற்றினார். "ஏன்டா ஜுவெனால்? நம்பர் உன் கைக்கு வந்திருக்குமே."

"நம்பர் கிடைச்சா ஒரு ஞாயித்துக்கிழமை சந்தோஷம் அண்ணே" என்றான் ஜுவெனால். "இது அப்படியா? உங்க பயணிங்க என் கதவு வழியா இறங்கினாங்கன்னு உங்க சாவு வீட்டுலகூட நான் சொல்லிக்கிட்டு இருப்பேன். ஒரு கிழவியம்மா இறங்கும்போது என் கையப் பிடிச்சு அழுதாங்க. 'அந்த முதல் வண்டி ஓட்டுநரு நல்லவருதான், ஆனா பாவம், கதவு திறக்கத் தெரியல'ன்னாங்க."

மற்ற கிழவர்கள் எல்லாரும் சிரித்த சிரிப்பில் கைபேசி சூடாயிற்று. ஒஸ்மார் அதைக் காதிலிருந்து எடுக்க முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தே முக்காலுக்கு மின்சாரம் வந்தது. அதற்குள் லூர்தெஸ் தடவித் தடவி வீட்டிலிருந்த அத்தனை வயரையும் பிடுங்கியிருந்தாள். தலையில் துண்டோடு வந்த தால்வா ஸ்டெபிலைசரை மட்டும் செருகினாள். மின்விசிறி ஓடியது, செங்கல் 'டக்' என்றது.

"என்ன அத்தான், நம்பர் பிழைச்சுதா?"

"பிழைச்சுது" என்றார் ஒஸ்மார்.

அவர் கையில் கம்ப்யூட்டரின் வயர் இருந்தது. ஒரு பக்கம் இருபத்தாறு வருடச் செங்கல். மறுபக்கம் அலமாரிக்குப் பின்னால் சுவரின் வெறும் துளைகள். தூரத்தில் இன்னும் இடி உருண்டுகொண்டிருந்தது. சுவர் பக்கம் ஓர் அடி வைத்தார். திரும்பி வந்தார். அடுத்த புறப்பாட்டு விசிலுக்கு ஆறு நாளும் இருபது மணி நேரமும் இருந்தது. வயரைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.